இரண்டு பவர் சப்ளை இருந்தால் ‘ஃபால்ட் டாலரண்ட்’ ஆகிவிடுமா?

கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். உங்கள் கையில் இரண்டு விலைப்பட்டியல்கள் இருக்கின்றன. ஒன்று தன் சர்வரை ‘ஹை அவைலபிலிட்டி’ என்கிறது, மற்றது ‘ஃபால்ட் டாலரண்ட்’ என்கிறது. இரண்டிலும் இரட்டை பவர் சப்ளை, ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று போனாலும் தரவைக் காக்கும் ஏற்பாடு), ஈசிசி (பிழை திருத்தும்) மெமரி உண்டு, விலையில் மட்டும் பெரிய வித்தியாசம். இரண்டும் ஒன்றுதானா என்பது உங்கள் முதல் கேள்வி. புதிய நிர்வாகிகளுக்குத் தமிழில் எழுதும் பயிற்சிக் குறிப்பில் ‘பிழை பொறுதி’ என்று போட்டால் போதுமா என்பது இரண்டாவது. இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். சொல் சரியாக அமைந்தால் முதல் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

‘பிழை பொறுதி’ போதாது. இந்தத் துறையில் ஃபால்ட், எரர், ஃபெயிலியர் என்ற மூன்றும் மூன்று வெவ்வேறு விஷயங்கள். அவிசியெனிஸ், லப்ரி முதலான கணினி ஆய்வாளர்கள் இந்த வேறுபாட்டைப் பல ஆண்டுகள் செதுக்கி, 2004-இல் ஒரு விரிவான வகைப்பாடாகவே வெளியிட்டார்கள். தமிழில் மூன்றையும் ‘பிழை’ என்றோ ‘கோளாறு’ என்றோ எழுதிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. மெமரியில் ஒரு செல் கெட்டுப்போய், என்ன எழுதினாலும் 1 என்றே காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பழுது. அந்த இடத்தில் 0 எழுதிவிட்டுப் படிக்கும்போது 1 வருகிறதே, அது பிழை. அந்தத் தவறான மதிப்பைக் கூட்டிப் பெருக்கி வாடிக்கையாளரின் கணக்கில் தப்பான தொகை போய் விழுந்தால் அது செயலிழப்பு. பழுது இருந்தும் பிழை வராமல் போகலாம், அந்த இடத்தை யாரும் படிக்கவேயில்லை என்றால். பிழை வந்தும் செயலிழப்பு வராமல் தடுக்கலாம். அந்தத் தடுக்கும் திறனுக்குத்தான் ‘ஃபால்ட் டாலரன்ஸ்’ என்று பெயர். ஆகவே குறிப்பில் ‘பழுது தாங்குதிறன்’ என்று எழுதுங்கள். ‘பிழை’யை ஈசிசி செய்யும் ‘பிழை திருத்த’த்துக்கு விட்டுவைக்கலாம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்: இந்த மூன்றும் அடுக்கடுக்காக ஏறும். ஒரு டிஸ்க்கின் செயலிழப்பு ரெய்டு கன்ட்ரோலருக்கு வெறும் பழுது. ஒரு முழு சர்வரின் செயலிழப்பு கிளஸ்டருக்கு, அதாவது ஒரே சேவையைச் சேர்ந்து நடத்தும் சர்வர் கூட்டத்துக்கு, வெறும் பழுது. எனவே யாராவது ‘இது பழுது தாங்கும்’ என்றால், எந்த அடுக்கில், எந்தப் பழுதை என்று கேட்காமல் அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை.

உங்கள் விலைப்பட்டியல்கள் இரண்டிலும் பொதுவாக இருப்பவை உறுப்பு அடுக்கில் உள்ள ரிடன்டன்சி. அகராதிகள் இதற்கு ‘மிகைமை’ என்று தருகின்றன. சரியான சொல்தான், ஆனால் செலவுக் கணக்கு பார்ப்பவர் கண்ணில் ‘மிகை’ என்று பட்டால் அந்த வரியை அடித்துவிடுவார். ‘மாற்றிருப்பு’ என்பது பாதுகாப்பு. ஒன்று போனால் மற்றது அதே வேலையை முழுதாகச் செய்யும் என்பதுதான் பொருள். ‘முழுதாக’ என்ற சொல்லில்தான் பல நிறுவல்கள் சறுக்குகின்றன. 800 வாட் பவர் சப்ளை இரண்டு போட்டிருக்கிறீர்கள், சர்வர் உச்சத்தில் 950 வாட் இழுக்கிறது என்றால் அது மாற்றிருப்பு ஆகாது. இரண்டும் சேர்ந்து சுமக்கும் ஒரே சுமை. ஒன்று போனால் மற்றது தாங்காமல் அணையும், அல்லது சில மாடல்கள் ப்ராசஸர் வேகத்தைக் கட்டாயமாகக் குறைத்துத் தப்பிக்கும். வாங்கும்போது 500 வாட் இழுத்த சர்வரில் இரண்டு ஆண்டு கழித்து கிராஃபிக்ஸ் கார்டும் கூடுதல் மெமரியும் சேர்த்தவர்களுக்கு இது தெரியாமலே நடக்கும்.

சர்வருக்கு வெளியே போனால் இதே கதை பெரிதாகிறது. இரண்டு பவர் கார்டையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகியிருப்பது முதல் தவறு. அதைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவது தவறு கண்ணுக்குத் தெரியாது. ஏ, பி என்று இரண்டு தனித்தனி லைன்கள், ஒவ்வொன்றிலும் 16 ஆம்பியர் பிரேக்கர், ஒவ்வொன்றும் 12 ஆம்பியர் சுமக்கிறது. இரண்டு மீட்டரும் நிம்மதியாகத்தான் காட்டும். ஏ லைன் போன கணத்தில் பி லைன் மீது 24 ஆம்பியர் விழும், சற்று நேரத்தில் பிரேக்கர் இறங்கும், முழு ரேக்கும் இருட்டாகும். தொடர்ச்சியான சுமை பிரேக்கர் அளவில் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற பொதுவான விதியை இங்கே ஏ, பி இரண்டின் கூட்டுத்தொகைக்குப் பொருத்த வேண்டும்: 12.8 ஆம்பியர், அதாவது பக்கத்துக்கு 6.4. இதற்கு மேல் போனால் உங்களிடம் இருப்பது இரண்டு லைன், மாற்றிருப்பு அல்ல.

இரட்டையாக இருப்பவை இரண்டும் ஒரே காரணத்தால் ஒரே நேரத்தில் சாகலாம் என்பதை எந்த விலைப்பட்டியலும் சொல்லாது. 2019 நவம்பரில் ஹெச்பிஇ நிறுவனம் தன் சில எஸ்ஏஎஸ் வகை எஸ்எஸ்டி-களுக்கு ஓர் அவசர ஃபர்ம்வேர் (டிரைவுக்குள்ளேயே பதிந்த மென்பொருள்) அறிவிப்பு வெளியிட்டது. அந்த டிரைவ்கள் மின்சாரம் பெற்ற நேரம் சரியாக 32,768 மணி ஆனதும், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரத்தில், செத்துவிடும், உள்ளே உள்ள தரவும் திரும்பாது. 32,768 என்பது 2-இன் 15-ஆம் அடுக்கு என்பதைப் பார்த்தாலே ஏதோ ஓர் எண்ணி நிரம்பி வழிகிறது என்று நிர்வாகிகளுக்குப் புரிந்துவிடும். ரெய்டு தொகுதியில் உள்ள எல்லா டிரைவும் ஒரே நாளில் மின்சாரம் பெற்றவை. இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 6 ஆனாலும், ஒரே தரவை இரண்டு டிஸ்க்கில் வைக்கும் மிரர் ஆனாலும் ஒன்றும் செய்ய முடியாது, ஃபர்ம்வேரை முன்கூட்டியே புதுப்பித்தவர்களைத் தவிர.

இனி உங்கள் முதல் கேள்வி. வித்தியாசம் ‘பழுது ஏற்பட்டால் என்ன இழக்கிறோம்’ என்பதில் இருக்கிறது. ஹை அவைலபிலிட்டி கிளஸ்டரில் ஒரு நோட், அதாவது ஒரு சர்வர், விழுந்தால் மற்றது எடுத்துக்கொள்ளும். இந்த எடுத்துக்கொள்ளுதல்தான் ஃபெயில்ஓவர். சொல்ல ஒரு சொல், நடக்கப் பல படிகள்: ஹார்ட்பீட் (‘உயிரோடு இருக்கிறேன்’ என்று நோட்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்தி) நின்றதைக் கவனிக்க வேண்டும், அது நிஜமாகவே விழுந்ததா என்று உறுதி செய்ய வேண்டும், ஸ்டோரேஜை இந்தப் பக்கம் மவுன்ட் செய்ய (இணைத்துப் பயன்பாட்டுக்குக் கொண்டுவர) வேண்டும், டேட்டாபேஸ் தன் லாகைப் படித்துப் பாதியில் நின்ற பரிவர்த்தனைகளைத் திருப்பிவிட வேண்டும், ஐபி முகவரி இடம் மாற வேண்டும், கிளையன்ட்கள் மறுபடி இணைய வேண்டும். சில விநாடிகளிலிருந்து பல நிமிடங்கள் வரை ஆகும், பெரும்பாலும் டேட்டாபேஸ் மீட்சிதான் நேரத்தை விழுங்கும். விழுந்த நோடின் மெமரியில் இருந்தது போனது போனதுதான்.

ஃபால்ட் டாலரண்ட் சர்வரில் இந்தப் படிகள் எதுவும் இல்லை. பழுது உள்ளேயே விழுங்கப்படுகிறது. மேலே ஓடும் மென்பொருளுக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது. வழக்கமான வழி லாக்ஸ்டெப்: இரண்டு ப்ராசஸர் தொகுதிகள் ஒரே கட்டளையை ஒன்றாக ஓட்டும், விடை ஒத்துப்போகிறதா என்று வன்பொருளே பார்க்கும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இரண்டு பேர் வேறு வேறு விடை சொன்னால் தவறு நடந்திருக்கிறது என்று தெரியும், யார் தவறு என்று தெரியாது. மூன்று பேர் இருந்தால் பெரும்பான்மை வாக்கில் தீர்க்கலாம். இந்த வாக்கெடுப்பு யோசனையைக் கணிதவியலாளர் வான் நியூமன் 1956-இலேயே ஆராய்ந்தார். 1980-இல் தொடங்கப்பட்ட ஸ்ட்ராட்டஸ் நிறுவனம் வேறு வழி பிடித்தது: ஒரே போர்டில் இரண்டு ப்ராசஸர் தங்களுக்குள் ஒப்பிட்டுக்கொள்ளும், ஒத்துப்போகாவிட்டால் யார் தவறு என்று விசாரிக்காமல் அந்தப் போர்டே முழுதாக விலகிக்கொள்ளும், இணையாக ஓடும் இன்னொரு போர்டு வேலையைத் தொடரும். ஒரு கணக்குக்கு நான்கு ப்ராசஸர். விலை வித்தியாசத்துக்கு இந்த மாதிரி இரட்டிப்புகள்தான் காரணம்.

அதே காலத்துப் பெரும் பெயரான டேண்டம் நிறுவனம் முற்றிலும் வேறு பாதையில் போனது. 1976-இல் வெளியான அதன் முதல் நான்ஸ்டாப் கணினியில் லாக்ஸ்டெப் இல்லை. ஒவ்வொரு முக்கிய ப்ராசஸுக்கும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கும்) வேறொரு ப்ராசஸரில் ஒரு துணை இருக்கும், முதன்மை தன் நிலையை அவ்வப்போது அதற்குச் செய்தியாக அனுப்பும், முதன்மை விழுந்தால் துணை அங்கிருந்து தொடரும். இதற்கு அடிப்படையான கொள்கை ஃபெயில் ஃபாஸ்ட்: சந்தேகம் வந்த உடனே நில், தப்பான விடையைச் சொல்லாதே. வர்ச்சுவல் மெஷின் உலகில் விஎம்வேர் 2009-இல் கொண்டுவந்த ஃபால்ட் டாலரன்ஸ் வசதி முதலில் லாக்ஸ்டெப் போன்ற முறையில் ஒரே ஒரு வர்ச்சுவல் ப்ராசஸருக்கு மட்டும் வேலை செய்தது. 2015-இல் அதைக் கைவிட்டு, நிலையை வேகமாகப் பிரதியெடுக்கும் முறைக்கு மாறிய பிறகே நான்கு ப்ராசஸர்கள் சாத்தியமாயின. விலைப்பட்டியலில் ‘ஃபால்ட் டாலரண்ட்’ என்று போட்டவரிடம் இந்த மூன்று வகையில் எது என்று கேளுங்கள். பதில் ‘இரட்டை பவர் சப்ளை’ என்று வந்தால் அந்தச் சொல்லுக்கு அவர் பணம் கேட்கக்கூடாது.

ஆனால் விலை அதிகமானதே எப்போதும் நல்லது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். லாக்ஸ்டெப்பில் இரண்டு பக்கமும் ஒரே மென்பொருள், ஒரே கட்டளை. ஆபரேட்டிங் சிஸ்டம் ஒரு பக்-இல் (மென்பொருள் தவறில்) விழுந்தால் இரண்டும் அதே கட்டளையில், அதே நொடியில், மிக ஒற்றுமையாக விழும். டேண்டத்தில் பணியாற்றிய ஜிம் கிரே 1985-இல் தங்கள் வாடிக்கையாளர்களின் கணினிகள் ஏன் நின்றன என்று வகைப்படுத்தினார்: நிர்வாகம், பராமரிப்பு சார்ந்தவை 42 சதவீதம், மென்பொருள் 25, வன்பொருள் 18, மின்சாரம் முதலான சூழல் காரணங்கள் 14. நாற்பது ஆண்டுக்கு முந்தைய, ஒரே நிறுவனத்துக் கணினிகளின் எண்கள் இவை. இன்றைய உங்கள் அறைக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்று உறுதி: வன்பொருளைத் தாங்கவைத்துவிட்டால், மிச்சமிருக்கும் காரணங்களில் மனிதக் கையும் மென்பொருளும்தான் முன்னால் வந்து நிற்கும். அதே கட்டுரையில்தான் மறுபடி ஓட்டினால் காணாமல் போகும் பக்-களுக்கும், எத்தனை முறை ஓட்டினாலும் அதே இடத்தில் வரும் பக்-களுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் விளக்கினார். டேண்டம் முறையில் துணை ப்ராசஸ் சற்று வேறான சூழலில் தொடர்வதால் முதல் வகையிலிருந்து பெரும்பாலும் தப்பிவிடும். லாக்ஸ்டெப் தப்பாது. ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு பேட்ச் போட வேண்டிய நாளிலும் கிளஸ்டரில் ஒரு நோடை ஒதுக்கிவைத்துப் போடலாம். ஒற்றை ஃபால்ட் டாலரண்ட் சர்வரில் பெரும்பாலும் நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

கிளஸ்டர் பக்கம் சாய்கிறீர்கள் என்றால் உங்கள் பயிற்சிக் குறிப்பில் மிக நீளமாக இருக்க வேண்டிய பகுதி ஸ்ப்ளிட் பிரெய்ன். இரண்டு நோட்களுக்கு இடையிலான கேபிள் மட்டும் போகிறது. இருவரும் உயிரோடுதான் இருக்கிறார்கள், ஆனால் ஒவ்வொருவரும் மற்றவர் செத்துவிட்டதாக நினைத்து ஒரே ஸ்டோரேஜை மவுன்ட் செய்து எழுதுகிறார்கள். சில விநாடிகள் போதும், ஃபைல் சிஸ்டம் சல்லடையாகிவிடும். சேவை பத்து நிமிடம் நின்றிருந்தால் கூட இவ்வளவு நஷ்டம் வந்திருக்காது. இதைத் தடுக்க இரண்டு வழிகள் சேர்ந்தே வேண்டும். ஒன்று கோரம்: பெரும்பான்மை இல்லாத பக்கம் தானாகவே ஒதுங்க வேண்டும். மூன்று நோடில் இரண்டு, ஐந்தில் மூன்று. நான்கு நோடுக்கும் மூன்று தேவைப்படுவதால் அது மூன்று நோடைவிடக் கூடுதலாக ஒன்றையும் தாங்காது. இரண்டே நோட் இருந்தால் மூன்றாவது இடத்தில் ஒரு சாட்சி வேண்டும். மற்றது ஃபென்சிங்: பதில் சொல்லாத நோடை, அது செத்ததா வாயை மூடிக்கொண்டிருக்கிறதா என்று ஊகிக்காமல், மின்சாரத்தைத் துண்டித்து உறுதியாக்குவது. லினக்ஸ் உலகில் இதற்கு ஸ்டோனித் என்று பெயர். எதிர் நோடின் தலையில் சுடு என்பதன் சுருக்கம், விளக்கம் தேவையில்லை. தமிழில் ‘வேலியிடல்’ என்று எழுதலாம்.

இதில் ஒரு பொறி உண்டு. பெரும்பாலான நிறுவல்களில் ஃபென்சிங் கட்டளை எதிர் சர்வரின் பிஎம்சி சிப்புக்குத்தான் (சர்வரைத் தொலைவிலிருந்து கண்காணிக்கவும் அணைக்கவும் உதவும் சிப்) போகிறது. அந்தச் சிப் அதே சர்வரின் பவர் சப்ளையில்தான் ஓடுகிறது. சர்வருக்கு மின்சாரமே போய்விட்டால் பிஎம்சியும் பதில் சொல்லாது. ‘அணைத்துவிட்டேன்’ என்ற உறுதி கிடைக்காததால் கிளஸ்டர் ஃபெயில்ஓவரைத் தொடங்காமல் காத்துக்கொண்டே இருக்கும். சரியாகத்தான் நடந்துகொள்கிறது, ஆனால் சேவை நின்றுவிட்டது. எனவே இரண்டாம் நிலையாக, பிளக் பிளக்காக அணைக்கக்கூடிய பவர் ஸ்ட்ரிப் வழியாகவோ ஸ்டோரேஜ் வழியாகவோ ஃபென்சிங் அமையுங்கள். இந்தக் காத்திருப்பைக் கண்டு எரிச்சலாகி ஃபென்சிங்கையே அணைத்துவைப்பவர்கள் உண்டு. அதைச் செய்ய வேண்டாம்.

ரெய்டு பற்றிச் சுருக்கமாக. 16 டெராபைட் டிஸ்க் ஒன்றை விநாடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் மறுகட்டமைக்கவே 22 மணி நேரம் ஆகும். சேவையும் ஓடிக்கொண்டிருந்தால் நாட்கணக்கில் நீளும். அந்த இடைவெளி முழுவதும், ஒரு டிஸ்க் இழப்பை மட்டுமே தாங்கும் ரெய்டு 5-இல் பாதுகாப்பு சுழி. நூறு லட்சம் கோடி பிட் படித்தால் ஒரு பிழை என்று சாதாரண டிஸ்க்குகளின் அட்டையில் போட்டிருக்கும், அதாவது 12.5 டெராபைட்டுக்கு ஒன்று. இதைக் காட்டி ‘ரெய்டு 5 மறுகட்டமைப்பு நிச்சயம் தோற்கும்’ என்று சொல்வது மிகை, அந்த எண் தயாரிப்பாளர் தரும் உச்சவரம்புதான். ஆனாலும் பெரிய டிஸ்க்குகளுக்கு ரெய்டு 6 அல்லது மிரர் என்பதே என் பரிந்துரை. மாதம் ஒருமுறையாவது முழு டிஸ்க்கையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் யாரும் தொடாத மூலையில் உள்ள கெட்ட செக்டர் மறுகட்டமைப்பு நாளில்தான் வெளியே வரும். சர்வர் ஒரு நாள் திடீரென்று எழுதுவதில் மட்டும் ஆமை வேகத்துக்கு வந்தால், கன்ட்ரோலரின் கேஷ் (எழுத வேண்டியதைத் தற்காலிகமாக வைக்கும் மெமரி) பேட்டரியைப் பாருங்கள். அது பலவீனமானதும் பல கன்ட்ரோலர்கள் பாதுகாப்புக்காக கேஷைத் தவிர்த்து நேராக டிஸ்க்கில் எழுத ஆரம்பித்துவிடும்.

ஹாட் ஸ்வாப்புக்கு ‘ஓடும்போதே மாற்றல்’ என்று எழுதினால் எல்லோருக்கும் புரியும். எதை ஓடும்போதே உருவலாம் என்பதற்குப் பல தயாரிப்பாளர்கள் நிறம் வைத்திருக்கிறார்கள்: செம்மஞ்சள் அல்லது செம்பழுப்புக் கைப்பிடி என்றால் மின்சாரம் இருக்கும்போதே எடுக்கலாம், நீலம் என்றால் கை வைக்க வேண்டிய இடம் இது என்று மட்டும்தான் பொருள், அணைத்த பிறகே தொட வேண்டும். டிஸ்க் மாற்றும்போது நடக்கும் பெரிய விபத்து நல்ல டிஸ்க்கை உருவுவது. ஸ்லாட் எண்ணை நம்பாதீர்கள், சில கருவிகள் 0-விலிருந்தும் சில 1-இலிருந்தும் எண்ணும். அடையாள விளக்கைச் சிமிட்டச் செய்து, வெளியே எடுத்ததும் சீரியல் எண்ணை ஒப்பிடுங்கள். கொஞ்சம் இழுத்துவிட்டு அரை நிமிடம் பொறுத்து முழுதாக எடுத்தால் சுழலும் தட்டு நின்றிருக்கும்.

மரபான ஈசிசி மெமரி 64 பிட் தரவுக்கு 8 பிட் சேர்த்து வைக்கிறது. ஒரு பிட் பிழையைத் திருத்தும், இரண்டைக் கண்டுபிடிக்கும் என்பது அடிப்படை ஏற்பாடு. திருத்த முடியாத பிழை வந்தால் சர்வர் பொதுவாக நின்றுவிடும். ‘ஈசிசி இருந்தும் விழுந்துவிட்டதே’ என்பார்கள். தப்பான தரவோடு தொடராமல் நின்றதுதான் அதன் வேலை, மேலே சொன்ன ஃபெயில் ஃபாஸ்ட். நீங்கள் கவனிக்க வேண்டியது திருத்தப்பட்ட பிழைகளின் எண்ணிக்கையை. ஒரே மெமரி பட்டையில் அது நாளுக்கு நாள் ஏறினால், அடுத்த பராமரிப்பு வேளையிலேயே மாற்றிவிடுங்கள்.

தாங்குதிறனின் தீய பக்கமும் இதுதான்: அது பழுதை மறைக்கிறது. முதல் பவர் சப்ளை போனதை யாரும் உணர்வதில்லை, இரண்டாவது போகும்போதுதான் உணர்கிறார்கள். எச்சரிக்கை மின்னஞ்சல் உயிரோடு உள்ள ஒரு முகவரிக்குப் போகிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

விற்பனையாளர் சொல்லும் எண்களில் 99.9 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 8 மணி 46 நிமிடம் வரை நிற்கலாம், 99.999 என்றால் 5 நிமிடம் 15 விநாடி. திட்டமிட்ட பராமரிப்பு நேரம் கணக்கில் உண்டா என்று கேளுங்கள், பெரும்பாலும் இராது. டிஸ்க்குக்கு 10 லட்சம் மணி எம்டிபிஎஃப் (செயலிழப்புகளுக்கு இடையிலான சராசரி நேரம்) என்பது 114 ஆண்டு ஆயுள் அல்ல. ஆயிரம் டிஸ்க் வைத்திருந்தால் ஆண்டுக்கு ஒன்பது போகலாம் என்ற சராசரி.

வாங்குவதற்கு முன் சோதனைக்கு ஒப்புக்கொள்ளச் சொல்லுங்கள். சுமை ஓடும்போது ஏ லைனை அணைத்து, ஒரு டிஸ்க்கை உருவி, ஒரு நெட்வொர்க் ஸ்விட்சை நிறுத்திப் பாருங்கள். நோடைச் சோதிக்கும்போது முறையாக ஷட்டவுன் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்தால் அது கிளஸ்டரிடம் விடைபெற்றுக்கொண்டு போகும், ஹார்ட்பீட் கண்டறிதலோ ஃபென்சிங்கோ ஓடவே ஓடாது. கேபிளைப் பிடுங்குங்கள். பிடுங்கிய நொடியிலிருந்து கிளையன்டில் முதல் பரிவர்த்தனை வெற்றிபெறும் நொடி வரை கடிகாரத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த நேரமும், பாதியில் போன பரிவர்த்தனைகளும் உங்கள் வேலைக்குப் பரவாயில்லை என்றால் ஹை அவைலபிலிட்டி விலைப்பட்டியலே போதும்; பெரும்பாலான இணையச் சேவைகளுக்கு அது போதும். அந்தச் சில விநாடிகள் கூட ஒரு இயந்திரத்தையோ சிக்னலையோ கட்டுப்பாடின்றி விடும் என்றால் மற்றதை எடுங்கள்.

கடைசியாக, உங்கள் சொற்பட்டியலில் இல்லாத ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஃபெயில்பேக், பழுதுபார்த்த நோடுக்கே சேவை திரும்பிப் போவது. அது தானாக நடக்கும்படி வைக்காதீர்கள். அரைகுறையாக எழுந்த நோட் சேவையை வாங்கிக்கொண்டு மறுபடி விழும், மறுபடி எழும், ஒவ்வொரு முறையும் எல்லாக் கிளையன்டும் அறுபடும். நோட் எழுந்ததும் ஒதுக்கி நிறுத்தி, லாகைப் படித்து, ஏன் விழுந்தது என்று தெரிந்த பிறகு கையால் திருப்புங்கள்.